கணபதியில் அக்கா படித்த படிப்பு

என் அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷமே அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த மாசத்தில் விஷக்காய்ச்சல் கண்டது. வைத்தியம் பார்ப்பதற்குள் போய்விட்டார். குழந்தை இல்லை. காரியம் முடிந்ததும் மாமனார் வீட்டில் அவளை வெள்ளைச் சேலையோடு மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு இருபது வயசுகூட நிறையவில்லை. நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் கருமத்தம்பட்டியிலிருந்து நடந்துபோகிற தூரம். ஐயனுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, கொஞ்சம் மானாவாரிக் காடும் ஒரு கிணறும் இருந்தன. கிணற்றுத் தண்ணீரில் பருத்தியும் ராகியும் விளையும். மாடு கட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். ஐம்பதுகளின் நடுவில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொன்றாகக் கரண்டு மோட்டார் வந்துகொண்டிருந்தது. ஐயனும் பருத்தி விற்ற பணத்தை அதற்காக எடுத்து வைத்திருந்தார்.

அக்கா வந்த பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. ஐயன் சந்தைக்குக் கிளம்புகிறார் என்றால் அவள் தானாகவே அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வாள். யாரும் போகச் சொன்னதில்லை. எதிரே வந்துவிடக் கூடாது என்று அவளே பழகிக்கொண்டுவிட்டாள். பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம், சீர் என்றால் அம்மாவும் நானும் போவோம். திரும்பி வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். என்ன சாப்பாடு போட்டார்கள் என்றுகூடக் கேட்க மாட்டாள்.

ஒரு நாள் காலையில் அவள் தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் வந்தபோது எதிரே எங்கள் பெரியப்பாவின் வண்டி வந்தது. அவளைப் பார்த்ததும் பெரியப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஐயன் களத்தில் நின்று அதைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தார்.

"அம்மிணி, நீ எட்டாவது பாஸ் பண்ணுனவதானே. வாத்தியார் வேலைக்குப் படிக்கறயா கண்ணு?"

அம்மாதான் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"தாலியறுத்து வந்த புள்ளையை டவுனுக்கு அனுப்பறீங்களா? ஊரு என்ன பேசுமுங்க?"

"ஊரு இப்பவுந்தான் பேசுது" என்றார் ஐயன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரம்மா இருந்தார். வாடகைக்கு ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார். அவருக்குப் புருஷன் உண்டா, இல்லையா, இருந்து போனாரா என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் தெருவில் வந்தால் பெரிய ஆம்பளைகள்கூட எழுந்து நின்று "வாங்க டீச்சர்" என்பார்கள். ஐயனுக்கு அதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். வேலையைவிட, சம்பளத்தைவிட, எதிரே வந்தால் யாரும் வண்டியைத் திருப்பாத ஒரு நிலைமை.

சர்க்கார் டிரெய்னிங் ஸ்கூலுக்கு மனுப் போட்டோம். இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமும் போட்டோம். அந்த வருஷமும் இல்லை. அதற்குப் பிறகுதான் கோயமுத்தூரை ஒட்டிக் கணபதியில் பெண்களுக்காகத் தனியார் ஒருவர் ஆசிரியர் பயிற்சி நிலையம் நடத்துகிறார் என்று ஐயன் பேப்பரில் விளம்பரம் பார்த்தார். விண்ணப்பித்த எல்லோருக்கும் இடம் உண்டு என்று அதில் போட்டிருந்தது.

ஐயனும் அக்காவும் நானும் பஸ் ஏறிப் போனோம். கணபதியில் அப்போது சின்னச் சின்னப் பட்டறைகள் வர ஆரம்பித்திருந்தன. இரும்பு அறுக்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு மாடி வீடு. கீழே ஆபீஸ், மேலே வகுப்புகள், பின்னால் ஓடு வேய்ந்த ஹாஸ்டல். பிரின்சிபால் கோட்டுப் போட்டிருந்தார். எங்கள் ஐயனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வைத்தார். ஐயன் வேட்டியில் செம்மண் கறையோடு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இந்தப் புள்ளைங்க மாதிரி இருக்கறவங்களுக்காகத்தான் நான் இதை நடத்தறனுங்க" என்றார் அவர். அக்காவின் வெள்ளைச் சேலையை அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

"இங்க படிச்சா சர்க்கார்ல வேலை குடுப்பாங்களுங்களா?" என்று ஐயன் கேட்டார்.

"அங்கீகாரத்துக்கு எழுதிப் போட்டாச்சுங்க. மெட்ராஸ்ல பைல் நகர்ந்துட்டிருக்குது. இவங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துருமுங்க."

இத்தனை வருஷம் கழித்து அந்தப் பேச்சை யோசித்துப் பார்த்தால், அவர் வேலை கிடைக்கும் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. வந்துரும் என்றுதான் சொன்னார். நாங்கள்தான் அதை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். வெளியே வந்ததும் ஐயன் எங்கள் இரண்டு பேருக்கும் கலர் வாங்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை. மோட்டாருக்கு வைத்திருந்த பணம் அந்த மாசமே கணபதிக்குப் போனது.

அக்கா ஹாஸ்டலுக்குப் போனதும் வீட்டு வேலைக்கு ஆள் இல்லை. அம்மாவுக்கு இளைப்பு. பனிக்காலத்தில் எழுந்து நடமாடவே முடியாது. மாட்டுக்குத் தீனி வைக்க, பால் கறக்க, சோறாக்க நான்தான் என்றாகிவிட்டது. "ஒரு வருசம் போகட்டும் கண்ணு, அக்கட்டால சேத்து உடறேன்" என்றார் ஐயன். அந்த ஒரு வருஷம் போகவே இல்லை. ஏழாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. கருக்கலில் சாணி அள்ளும்போது அக்கா இந்நேரம் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். அவள் மேல் எரிச்சலாக இருக்கும். அவள் விடுமுறைக்கு வந்து "நீ என்ன புஸ்தகம் படிக்கற?" என்று கேட்டால் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அங்கே ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவது ஒன்று கேட்டார்கள். பரீட்சைக் கட்டணம், படம் வரைகிற அட்டைக்குக் கட்டணம், சுற்றுலா போகிறோம் என்று ஒரு கட்டணம். சுற்றுலா என்பது பக்கத்திலேயே ஒரு மில்லைப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. ஐயன் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. முதலில் ஆடுகள் போயின. அப்புறம் ஒரு ஜோடி மாட்டில் ஒன்று போனது. ஒற்றை மாட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர் மாட்டோடு கூட்டுச் சேர்த்துக் கவலை ஓட்டினார். அவர்கள் மாட்டுக்கு ஓய்வு கிடைக்கிற நாளில்தான் எங்கள் பருத்திக்குத் தண்ணீர்.

அந்த நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு முறை ஐயனோடு போனேன். அங்கே எல்லோருக்கும் ஒரே சீருடை. நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. கல்யாணமாகாத பெண்கள் இருந்தார்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள், அக்காவைப் போன்றவர்கள் பாதிப்பேர் இருந்தார்கள். எல்லோரும் வெள்ளையில் நின்றார்கள். யார் யாரென்று எனக்குத் தெரியவில்லை. வரிசையில் அக்காவைத் தேடினேன். கண்டுபிடிக்க நேரமாயிற்று, ஏனென்றால் நான் தேடியது தலை குனிந்த ஒருத்தியை. அவள் பக்கத்தில் நின்ற பெண்ணின் காதில் என்னவோ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்த நாளிலிருந்து நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் மேடையேறி ஒரு மாதிரிப் பாடம் நடத்தினாள். மழை எப்படி வருகிறது என்று கலர் சாக்கட்டியால் படம் போட்டுச் சொன்னாள். தெலுங்கு பேசுகிற ரிட்டயரான டீச்சர் ஒருவர் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர் கீழே உட்கார்ந்து அக்கா சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். படிப்பில் ஒரு குறையும் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் படித்து முடித்து வந்தபோது சர்டிபிகேட் பெரிதாக இருந்தது. தங்க எழுத்து, சிவப்பு முத்திரை. ஐயன் அதற்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து மாட்டினார். ஜில்லா போர்டு பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அக்கா மனுப் போட்டாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கடைசியில் அவினாசி ரோட்டில் ஒரு கிராமத்தில், தனியார் மேனேஜர் வைத்து நடத்துகிற ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கூலி மாதிரிதான். ஆனாலும் அவள் தினமும் நடந்து போய்விட்டு நடந்து வந்தாள். ஊர்க்காரர்கள் வழியில் பார்த்தால் "பள்ளிக்கூடத்துக்குங்களா டீச்சர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெரியப்பாகூட ஒரு நாள் வண்டியை நிறுத்தி "ஏறிக்கோ அம்மிணி, அந்தப் பக்கந்தான் போறேன்" என்றாராம். அதை அவள் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவள் பள்ளிக்கூடத்துக்கு டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனுஷன் என்றுதான் அக்கா கடைசிவரைக்கும் சொல்வாள். வகுப்பில் பின்னால் உட்கார்ந்து அவள் பாடத்தை முழுக்கக் கேட்டார். பிள்ளைகளைக் கணக்குக் கேட்டார். எல்லோரும் சொன்னார்கள். அதற்கப்புறம் மேனேஜர் அறையில் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாராம்.

"பாடம் ரொம்ப நல்லா எடுத்தீங்கம்மா. ஆனா இது சர்க்கார்ல ஒத்துக்கற சர்டிபிகேட் இல்லை. இதை வெச்சு உங்களை டீச்சர்னு நான் எழுத முடியாது. எழுதினா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர்ற சர்க்கார் கிராண்டை நிறுத்திருவாங்க."

அன்றைக்கு மத்தியானமே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வர மேனேஜர் விடவில்லை. வந்து, கை கால் கழுவி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். ஐயன் காட்டிலிருந்து வந்த பிறகுதான் சொன்னாள்.

மறுநாள் ஐயனும் அக்காவும் கணபதிக்குக் கிளம்பினார்கள். கோபத்தில் ஐயன் ஏதாவது செய்துவிடப் போகிறார் என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். இந்நேரம் அந்த இடத்தைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பான் என்றுதான் ஐயன் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படி எதுவும் இல்லை. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மாடியில் இன்னொரு அறை கட்டியிருந்தார்கள். பிரின்சிபால் எங்களை அடையாளம் கண்டுகொண்டு "வாங்க வாங்க" என்றார். அதே நாற்காலியை எடுத்துப் போட்டார். இந்த முறை ஐயன் உட்காரவில்லை.

"வந்துருமுன்னு சொன்னீங்களே" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. எங்கள் ஐயனுக்குச் சத்தம் போடத் தெரியாது.

"வருமுங்க. பைல் இன்னும் மெட்ராஸ்லதான் இருக்குது. உங்க பொண்ணு சித்தெ முந்திப் படிச்சுட்டாங்க. இப்ப புதுசா ஒரு வருசப் படிப்பு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கறமுங்க. அதுல சேந்துட்டாங்கன்னா, அங்கீகாரம் வர்றப்ப இவங்களுக்கும் சேத்து வந்துரும். பழைய மாணவிங்கறதால கட்டணத்துல கொறைச்சுக்கலாமுங்க."

ஐயன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தன. அக்கா வெளியே வந்து படியேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நீலக்கரை வெள்ளைச் சேலையில் வரிசை வரிசையாகப் பெண்கள். அக்கா வாசற்படியில் நின்று சொன்னாள்:

"ஏனுங்க, இங்க குடுக்கற சர்டிபிகேட் செல்லாதுங்க. நான் இங்கதான் படிச்சேன். வேலையிலிருந்து என்னைய நிறுத்திப்போட்டாங்க. ஊட்டுல சொல்லிப்போட்டுப் போய்ருங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையில் அக்காவைவிட மூத்த ஒரு பெண் இருந்தாள். அவள்தான் பேசினாள்.

"தெரியுமுங்க. போன வருசமே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா இருக்கறீங்க?"

"ஊட்டுக்குப் போயி என்னங்க பண்ணறது?"

அக்கா படியிறங்கினாள். பிரின்சிபால் கீழேயிருந்து மேலே வரக்கூட இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஐயன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகு குலுங்குவது பஸ் ஆட்டத்தினாலா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு மோட்டார் வரவில்லை. சுற்றிலும் மோட்டார் ஓட ஓட எங்கள் கிணற்றில் தண்ணீர் கீழே போனது. ஆழப்படுத்தக் கையில் ஒன்றுமில்லை. ஒரு கோடையில் கவலைச் சால் அடிச்சேற்றைத் தொட்டுக்கொண்டு வந்தது. தோட்டத்தை ஒரு மில்காரருக்கு விற்றோம். மானாவாரிக் காட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். எனக்கு அந்தச் சமயத்தில் கல்யாணம் செய்துவைத்தார்கள். தறி வைத்திருந்தவர். என்னைவிட வயசு நிறைய அதிகம். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் நல்ல இடத்தில் கேட்டபோதெல்லாம் பேச்சு ஒரு கட்டத்தில் நின்றுபோனது, போட எங்களிடம் நகை மிச்சமில்லாததால்தான் என்று எனக்குத் தெரியும்.

அக்கா ஜின்னிங் பேக்டரிக்கு வேலைக்குப் போனாள். பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கிற இடம். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து தூசும் சருகும் பொறுக்க வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம் வரைக்கும் பஞ்சு ஒட்டியிருக்கும். இருமல் அப்போதே ஆரம்பித்துவிட்டது. என் பெண்ணுக்கு நாலு வயசாகும்போது, கொஞ்சம் எழுத்துச் சொல்லிக்கொடு என்று அவளிடம் சிலேட்டை நீட்டினேன். "அதை மட்டும் எங்கிட்டச் சொல்லாதே" என்று எழுந்து போய்விட்டாள்.

ஐயன் படுத்த படுக்கையாக இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது.

"உன்னைய நான் கெடுத்துப்போட்டனா அம்மிணி?"

"இல்லீங்க ஐயா. அந்த ரெண்டு வருசம் நான் நெம்ப நல்லா இருந்தனுங்க."

ஐயன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா, இல்லை அவ்வளவுதானா என்று இருந்ததா, நான் கேட்கவில்லை. அக்கா சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆண்டு விழா அன்றைக்கு நான் பார்த்தேனே. ஆனால் அந்த இரண்டு வருஷத்துக்கு ஒரு கிணறும், தோட்டமும், என் பள்ளிக்கூடமும், ஐயனுடைய உடம்பும் ஈடாகப் போயின. அவள் சிரித்ததை ஒரு பக்கம் வைத்து மற்றதையெல்லாம் இன்னொரு பக்கம் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அறுபதுகள் முடிகிற சமயத்தில், அம்மா வழியில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்க வந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணபதியில் டிரெய்னிங் கொடுக்கிறார்களாம், நீ அங்கே படித்தவளாச்சே, அனுப்பலாமா என்று கேட்டார். பெண் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

அக்கா அவளைத்தான் முதலில் கூப்பிட்டாள். "இப்ப ஊட்டுல யாரோட இருக்கற கண்ணு?"

"அண்ணன் ஊட்டுலங்க."

"அண்ணி?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னாள். "சர்க்கார்ல சீட்டுக் கெடைச்சா அனுப்புங்க. இல்லீனா வேண்டாமுங்க. அங்க குடுக்கற காயிதம் எதுக்கும் ஆகாது. அவனுக்குக் குடுக்கறதை நீங்க கெணத்துல போடலாம்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பெண் வாசல் தாண்டும்போது ஒரு முறை திரும்பி அக்காவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் யாரிடமும் வாங்க விரும்ப மாட்டேன். அன்றைக்கு அக்கா சோறு தின்னவில்லை.

"சரியாத்தானே சொன்னே?" என்றேன்.

"சரிதான்" என்றாள்.

அடுத்த தை மாசம் அந்தப் பெண் ஜின்னிங் பேக்டரிக்கு வேலைக்கு வந்தாள். அக்காவுக்கு அடுத்த வரிசையில் உட்கார வைத்தார்கள். அக்கா முதல் நாளே போய், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தூசு குறைவாக வரும் என்று சொன்னாளாம். அந்தப் பெண் எழுந்து, தன் கூடையை எடுத்துக்கொண்டு, வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாளாம்.